அதே லாஸ்ட், புது அப்பர்: அசாசின்ஸ் கிரீடோடு 15 வருஷம்

சித்தப்பா பையன் குடியாத்தத்திலிருந்து போன வாரம் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். "அண்ணா, ஷேடோஸ் வெல கொறஞ்சிருக்குது. வாங்கிடட்டா?" ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்விதான். 'வேணாம்' என்று டைப் செய்து அழித்தேன். 'வாங்கு' என்று டைப் செய்து அதையும் அழித்தேன். அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தவன், "இன்னாண்ணா, எழுதிக்கினே கீற, ஒண்ணும் வர்ல?" என்றான். வராது. அசாசின்ஸ் கிரீட் என்ற வீடியோ கேம் வரிசையோடு எனக்கிருக்கும் 15 வருஷக் கணக்கு அது, வாட்ஸ்அப்பில் அடங்காது.

அசாசின்ஸ் கிரீட் என்றால் என்ன, எதில் ஓடும், எத்தனை ஜிபி என்றெல்லாம் ஆரம்பிக்கப் போவதில்லை. 2007-இல் முதல் ஆட்டம், 2025 மார்ச்சில் ஷேடோஸ். நடுவில் வந்த குட்டி ஆட்டங்களை விட்டுவிட்டால் பெரியவை மட்டும் 14. அதில் 11-ஐ முழுக்க முடித்திருக்கிறேன். முதல் ஆட்டம் பாதியில் நிற்கிறது, ரோக் கைக்கு வரவேயில்லை, ஷேடோஸை இன்னும் தொடவில்லை. அதனால் ஷேடோஸ் நல்லதா கெட்டதா என்று நான் சொல்ல முடியாது. அதை வாங்க ஏன் கை நீளவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

கை என்றதும் நினைவுக்கு வருவது கன்ட்ரோலர்.

போன மாதம், ஆளை நடக்க வைக்கிற இடது ஸ்டிக் கெட்டுப்போனது. அசையாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, இது தொடாமலே முன்னால் போய்க்கொண்டிருந்தது. டிரிஃப்ட் என்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வல்ஹல்லா ஆட்டத்தில் பாக்கி வைத்திருந்த ஏதோ ஒரு மூலையை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அம்மா கூப்பிட்டார், கன்ட்ரோலரை சோபாவில் போட்டுவிட்டு சிலிண்டர் மாற்றப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், ஆட்டத்தின் நாயகி ஏவோர் தன்பாட்டுக்கு நடந்து, சரிவில் இறங்கி, ஓடையில் நீந்திக் கரையேறி, ஒரு மடாலத்தின் சுவரில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தாள். நான் இருந்திருந்தாலும் அந்தச் சரிவில்தான் இறங்கியிருப்பேன், அந்தச் சுவருக்குத்தான் போயிருப்பேன். கொஞ்ச நேரம் எடுக்காமலே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கம் செல்போன் ரிப்பேர் செய்கிற ஒருவர் கன்ட்ரோலரும் பார்ப்பார். திறந்து காட்டினார். ஸ்டிக்குக்குக் கீழே, அது எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று அளக்கிற இரண்டு பொட்டென்ஷியோமீட்டர், உள்ளே கார்பன் தடம், அதன்மேல் உரசிக்கொண்டே போகிற சின்னத் தகடு. உரச உரச தடம் தேயும், தேய்ந்தால் நடு எது என்று அதற்குத் தெரியாது. 14 கால்களிலும் ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்துவிட்டு, உரசலே இல்லாமல் காந்தத்தை வைத்து வேலை செய்யும் ஹால் எஃபெக்ட் மாட்யூலைப் போட்டுக் கொடுத்தார். பழசை என் உள்ளங்கையில் வைத்து, "ஒரே பக்கமா தேஞ்சிக் கீது பாருங்க சார். எப்பப் பாத்தாலும் முன்னாடியேதான் தள்ளிக்கினு இருப்பீங்களா?" என்று கேட்டார்.

ஆமாம். அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

நான் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில், சாம்பிள் பிரிவில் இருக்கிறேன். லாஸ்ட் என்று ஒன்று உண்டு. கால் வடிவத்தில் இருக்கும் அச்சு. ஷூ எப்படி நிற்கும், எங்கே பிடிக்கும், எங்கே கடிக்கும் என்பதெல்லாம் அதில்தான் தீர்மானமாகும். புது லாஸ்ட் போடுவது லேசான காரியமில்லை. எல்லா சைஸுக்கும் செய்ய வேண்டும், சோல் மோல்டு மாறும், சரக்கை வாங்குகிற பையர் போட்டுப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். அதனால் நன்றாக விற்கிற லாஸ்ட்டை யாரும் தொடமாட்டார்கள். அப்பரை, அதாவது ஷூவின் மேல்பாகத்தை மட்டும் சீசனுக்கு சீசன் மாற்றுவோம். தோலின் நிறம் மாறும், தையல் மாறும், ஒரு பக்கிள் சேரும். புது ஆர்ட்டிகிள் நம்பர், புதுப் பெயர். இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அந்த லாஸ்ட் பொருந்திய கால்காரர் அதையே தேடி வருவார், கொடுக்காவிட்டால் கோபித்துக்கொள்வார்.

எனவே இந்த ஆட்டத்தை நான் திட்டும்போது கொஞ்சம் கூச்சத்தோடுதான் திட்டுகிறேன். என் சோறும் அதே சூத்திரத்தில்தான் வேகிறது.

இவர்களுடைய லாஸ்ட் எது என்பது ஆடிய எல்லோருக்கும் தெரியும். கோபுரத்தில் ஏறு. உச்சியில் உட்கார். கழுகு கத்தும், கேமரா சுற்றி வரும், வரைபடம் திறக்கும், அதில் நூறு புள்ளி முளைக்கும். வைக்கோலில் குதி. புள்ளிக்குப் போ. பின்னாலிருந்து குத்து. ஓடு. அப்பர் மட்டும் ஃபிளாரன்ஸ், பாஸ்டன், பாரிஸ், லண்டன், எகிப்து, கிரீஸ், இங்கிலாந்து, பாக்தாத், இப்போது ஜப்பான்.

நான் இந்த லாஸ்ட்டில் காலை விட்டது 2010-இல், காட்பாடியில் காலேஜ் பக்கம் இருந்த ஒரு கேம் சென்டரில். மணிக்கு 30 ரூபாய், மின்விசிறி என் பக்கம் திரும்பாது, வெளியே வேலூர் வெயில். ஆட்டம் இரண்டாவது பாகம், நாயகன் எட்சியோ. முதல் தடவை கோபுரத்தின் மேல் நின்று கீழே பார்த்தபோது அடிவயிறு கலங்கியது. பொத்தானை அழுத்தினேன், கையை விரித்துக்கொண்டு வைக்கோல் வண்டியில் போய் விழுந்தான். எங்கள் பக்கம் வைக்கப்போரில் குதிக்காத பையன் கிடையாது. குதித்தால் ரெண்டு நாளைக்கு உடம்பெல்லாம் அரிக்கும். எட்சியோ எழுந்து தட்டிக்கொண்டுகூடப் போகவில்லை.

அதற்கப்புறம் பல நாள் வேலூர்க் கோட்டை அகழி ஓரமாக பஸ்ஸில் போகும்போது, மதில் கல்லில் எங்கே கை வைக்கலாம், எந்த இடுக்கில் கால் நிற்கும் என்று கண் தானாகத் தேடும். பிறந்ததிலிருந்து பார்க்கிற கோட்டை அது. சின்ன வயசிலிருந்து அதை ஒரு பஸ் ஸ்டாப்பாகத்தான் தெரியும். அதன் சுவரை நான் சுவராகப் பார்த்தது இந்த ஆட்டத்தால்தான். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் நியாயமாக இருக்காது.

முதல் ஆட்டத்தைப் பின்னால் கடன் வாங்கி ஆடிப் பார்த்தேன். அதில் பொறுக்கச் சொல்லி வைத்திருக்கும் கொடிகள் மொத்தம் 420. எண்ணைப் பார்த்தபோதே சுதாரித்திருக்க வேண்டும். இரண்டாவது பாகத்தில் இறகுகள் 100. எல்லாவற்றையும் பொறுக்கினால் ஒரு மேலங்கி தருவார்கள், அதைப் போட்டுக்கொண்டு எந்த ஊருக்குள் போனாலும் காவலர்கள் துரத்துவார்கள். நான் நூறையும் பொறுக்கினேன். சந்தோஷமாகப் பொறுக்கினேன். சலிப்பு அங்கே இல்லை.

2009 முதல் 2015 வரை வருஷம் தவறாமல் வந்தது, தீபாவளி மாதிரி. 2014 நவம்பரில் இரண்டு. அதில் ஒன்று யூனிட்டி, வந்த புதிதில் சிலருக்கு முகத் தோல் காணாமல் போய் கண்ணும் பல்லும் மட்டும் அந்தரத்தில் மிதந்தது உலகமே பார்த்துச் சிரித்த கதை. மன்னிப்புக் கேட்டு, கூடுதல் கதை ஒன்றை இலவசமாகக் கொடுத்தார்கள். நான் அதை ஆடியது இரண்டு வருஷம் கழித்து, எல்லாம் சரியான பிறகு. இந்த வரிசையிலேயே அழகான ஊர் எது என்றால் யூனிட்டியின் பாரிஸ்தான் என்று இன்றைக்கும் சண்டை போடுவேன். இப்படித் தனித்தனியாக எடுத்தால் எதையும் மோசம் என்று தள்ள முடியாது. அதுதான் எரிச்சலே.

இன்னொன்று. எங்கள் ஊரைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு: தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். ஜலகண்டேஸ்வரர் 1981-இல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார், கிண்டல் மட்டும் போகவில்லை. இந்த ஆட்டத்துக்கு 2012-இல் சாமி போனது. பழைய காலத்துக் கதைகளையெல்லாம் ஒரு இயந்திரத்தில் படுத்துக்கொண்டு பார்ப்பது நம் காலத்து ஆள் டெஸ்மண்ட். மூன்றாம் பாகத்தின் கடைசியில் அவனைச் சாகடித்தார்கள். அதுவரை எட்சியோவும் மூன்றாம் பாகத்து நாயகன் கானரும் எதற்காக வந்தார்கள் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அப்புறமும் மண்டபம் கட்டினார்கள், கோபுரம் கட்டினார்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட உயரம். கர்ப்பக்கிரகத்துக்குள் யார் இருக்கிறார் என்று மட்டும் சரியாகச் சொல்லவில்லை.

2016-இல் பெரிய ஆட்டம் வரவில்லை. அந்த வருஷத்தில்தான் நம் நாட்டுக்கு ஒரு சின்ன ஆட்டம் கிடைத்தது. பக்கவாட்டில் மட்டும் ஓடுகிற குரோனிக்கிள்ஸ் இந்தியா, 1841, சீக்கியப் பேரரசு. 1806 ஜூலையில் இந்தக் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்த அந்த ராத்திரியை எவனாவது எடுத்திருந்தால்... சரி, விடுங்கள்.

2017-இல் ஆரிஜின்ஸ். இங்கே நிஜமாகவே லாஸ்ட்டை மாற்றினார்கள், மறுக்க முடியாது. சண்டை மாறியது, உலகம் பெரிதானது, எல்லோருக்கும் பலத்தைக் காட்டும் லெவல் வந்தது. எனக்கும் லெவல், எதிரிக்கும் லெவல். இந்த லெவல்தான் எனக்கு ஆறாத புண். 40 மணி நேரம் ஆடியபின் ஒரு ராத்திரி முகாமுக்குள் நுழைகிறேன். புதருக்குள் கால் மணி நேரம் உட்கார்ந்து, காவல் மாறும்வரை காத்திருந்து, சத்தமில்லாமல் தலைவனுக்குப் பின்னால் போய்க் கழுத்தில் கத்தியை இறக்குகிறேன். அவன் தலைக்கு மேல் இருக்கும் உயிர்க் கோட்டில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. அவன் திரும்புகிறான். என்னைவிட அவனுக்கு நாலு லெவல் அதிகமாம், கழுத்தில் கத்தி இறங்கினால் சாக மாட்டானாம். ஆட்டத்தின் பெயரே கொலையாளி. மறைத்து வைத்த கத்தி ஒன்றுதான் சொத்து. ஒடிசியில் அந்தக் கத்தியும் போய், உடைந்த ஈட்டி முனை வந்தது.

அதே ஒடிசியில், லெவல் சீக்கிரம் ஏறுவதற்கு நிரந்தர பூஸ்டர் ஒன்றைத் தனிக்காசுக்கு விற்றார்கள். ஆட்டத்துக்குக் காசு கொடுத்து வாங்கியவன், அதைக் குறைவாக ஆடுவதற்கு இன்னொரு தடவை காசு கொடுக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் இறுக்கமான ஷூவைக் கொடுத்துவிட்டு, தளர்த்துவதற்குத் தனி பில் போட்டால் பையர் சும்மா விடுவாரா? நான் பூஸ்டர் வாங்கவில்லை. வீம்புக்காகவே வாங்கவில்லை. அந்த வீம்பு எனக்குப் பல வார இறுதிகளைத் தின்றது.

பின்னால் வல்ஹல்லாவில், பின்னாலிருந்து குத்தினால் உறுதியாகச் சாக வேண்டும் என்று அமைப்புகளில் மாற்றிக்கொள்ள வழி வைத்தார்கள். ஆக, காதில் விழாமல் இல்லை. ஆனால் வல்ஹல்லாவின் வியாதி வேறு, நீளம். 2021 மே மாத ஊரடங்கில் ஆரம்பித்தேன். அப்போது பாலாறு வழக்கம்போல வெறும் மணல். நவம்பரில் ஆற்றில் வெள்ளம் வந்து, ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. நானும் போய்ப் பார்த்தேன், போட்டோ எடுத்தேன், வீட்டுக்கு வந்து கன்ட்ரோலரை எடுத்தேன். இங்கிலாந்தில் இன்னும் இரண்டு நாடு பாக்கி இருந்தது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு ராஜா, ஒரு துரோகி, ஒரு கோட்டை முற்றுகை, கூட்டணி, விருந்து. பாதிக்குமேல் குதிரையையே தானாகப் போகவிட்டு நான் போன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, நீளம்தானே குறை, பழைய மாதிரி சின்னதாக எடுங்களேன் என்று எல்லோரும் கத்தினோம். 2023-இல் மிராஜ் வந்தது. ஒரே ஊர் பாக்தாத், சின்னக் கதை, ஒளிந்து குத்தினால் ஒரே குத்தில் சாவு. கேட்டது கேட்டபடி. நாலைந்து நாளில் முடித்தேன், முடிந்ததும் ஒன்றுமே தோன்றவில்லை. டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். கேட்டதைக் கொடுக்கவில்லை என்று அவர்களைத் திட்டிக்கொண்டிருந்த வரை நிம்மதியாக இருந்தது.

எங்கள் பிரிவில் ஃபிட்டிங் பார்க்க ஒருவர் இருந்தார். அச்செடுத்த மாதிரி 42 சைஸ் கால். எந்த சாம்பிள் வந்தாலும் அவர் போட்டு நாலு நடை நடந்து காட்டினால்தான் பார்சல் கிளம்பும். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, வருகிற சாம்பிள் எல்லாம் விரல் பக்கம் இறுக்குகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். தோலைக் குறை சொன்னோம், லைனிங்கை மாற்றினோம். கடைசியில் மாஸ்டரே லாஸ்ட்டை எடுத்து டேப் வைத்து அளந்தார், மில்லிமீட்டர் மாறவில்லை. அப்புறம் அவர் காலை அளந்தார். யாரும் எதுவும் பேசவில்லை. அவரை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

இந்த ஆட்டத்தில் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு, அது எனக்குக் கிடைத்ததுகூட இல்லை. அப்பா அரசுப் பள்ளியில் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவர். நான் ஆடும்போது அந்தப் பக்கமே வரமாட்டார், "வெட்டு குத்து" என்று ஒரே வார்த்தை. ஆரிஜின்ஸுக்கு 2018-இல் டிஸ்கவரி டூர் என்று ஒன்றை விட்டார்கள். சண்டை கிடையாது, லெவல் கிடையாது. எகிப்து முழுக்கச் சும்மா நடக்கலாம், 75 சுற்றுகள், பிரமிடு எப்படிக் கட்டினார்கள், மம்மி எப்படிச் செய்தார்கள் என்று குரல் சொல்லிக்கொண்டே வரும். பார்க்கப் பிள்ளைகளும் வருவார்கள் என்று சில சிலைகளுக்கு இடுப்பில் கிளிஞ்சல்கூட ஒட்டியிருந்தார்கள். ஒருநாள் தற்செயலாக அது ஓடிக்கொண்டிருந்தபோது அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த நாள் அவரே கேட்டார். மூன்றாம் நாள் கன்ட்ரோலர் அவர் கையில். ஸ்டிக்கைக் கட்டைவிரலால் தள்ளத் தெரியாமல் ஆட்காட்டி விரலால் பிடித்துத் தள்ளினார், விளக்குத் திரியைத் தூண்டுகிற மாதிரி. ஜூலியஸ் சீசர் உருவத்தை எடுத்துக்கொண்டு, அலெக்ஸாண்ட்ரியா நூலகத்தின் வாசலில் பத்து நிமிஷம் நின்றார். "முப்பது வருஷம் இத வாயாலயே சொல்லிக் குடுத்தேன்டா" என்றார். அப்புறம் கொஞ்சம் கழித்து, "இவ்ளோ நல்லாக் கட்டி வெச்சிருக்கான், அப்புறம் எதுக்குடா அந்தக் கத்தி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி கேட்டு ஏழெட்டு வருஷம் ஆகிறது. போன வாரம் தம்பியின் ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டியபோது, ஜப்பானுக்கும் அந்த டூர் உண்டா என்றார். அப்படித் தனியாக இல்லை, ஆட்டத்துக்குள்ளேயே படிக்கிற மாதிரி பக்கங்கள் இருக்கிறதாம் என்றேன். "படிக்கறதுக்கு புஸ்தகம் இல்லையா?" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

ரிப்பேர் ஆன கன்ட்ரோலரைச் சோதிக்க நான் போட்டது பிளாக் ஃபிளாக், 2013 ஆட்டம். பத்து நிமிஷம் என்று உட்கார்ந்தேன். ஒரு மிஷன்கூடச் செய்யவில்லை, ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. கப்பலைக் கடலில் விட்டுப் பாயை விரித்தேன், மாலுமிகள் பாட ஆரம்பித்தார்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது. மழை வந்து போனது. மணியைப் பார்த்தால் ராத்திரி ஒன்றரை.

மார்க் போடச் சொன்னால் இந்த 11 ஆட்டங்களில் எதற்கும் 10-க்கு 7-க்குக் கீழே போட மாட்டேன். மொத்த வரிசைக்கும் சேர்த்துக் கேட்டால் 4. கூட்டிப் பார்த்தால் கணக்கு வராது, தெரியும்.

தம்பிக்கு நேற்று ராத்திரிதான் பதில் போட்டேன். 'வேணாம்.' ரெண்டு நிமிஷத்தில் அவன் எழுதினான்: "ஆர்டர் அன்னிக்கே போட்டுட்டேண்ணா. சும்மா கேட்டேன். டிஸ்க்கு நாளன்னிக்கு வருது."

ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் போகலாம் என்று இருக்கிறேன். சித்தியைப் பார்த்து ரொம்ப நாள் ஆகிவிட்டது.